கிண்ணியாப் பிள்ளை எங்கள் வீட்டில் நின்ற நாட்கள்

மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது நகரத்துப் பாடசாலை ஒன்றின் அலுவலகத்திலிருந்து அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். "இவவை இஞ்ச வைச்சிருக்க ஏலாது அம்மா. மற்றப் பிள்ளையளின்ர படிப்புக் குழம்பும்" என்று சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர்கூடத் தந்தார்கள். மகள் அந்த அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் கை காட்டிவிட்டு வந்தாள். வெயிலில் அவள் கையை விடாமல் வீட்டை நோக்கி நடந்தேன். அவளோ வழியில் கண்ட ஆடு, வீதியில் திரியும் மான், கடைக்காரர் எல்லோரோடும் கதைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, மகளின் நெஞ்சு வருத்தத்துக்காக மாதம் ஒருமுறை போகும் கிளினிக்கில் ஒரு தாதி சொன்னார், கடற்கரைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இப்படியான பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது என்று. இத்தனை காலமும் அந்த வீதியால்தான் நான் சந்தைக்குப் போய்வந்திருக்கிறேன். வேலிக்கு உள்ளேயிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டிருக்கிறது. யாரோ நிறையப் பிள்ளைகள் பெற்ற வீடு என்றுதான் நினைத்திருந்தேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் பெரிய ரீச்சர் என்று கூப்பிடுவோம். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். மெலிந்த உடம்பு, பெரிய குரல். நான் ஆஸ்பத்திரிக் கடதாசிகளை எல்லாம் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை என்னத்துக்குப் பயப்பிடுவா?"

"ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்கு. இடி முழக்கத்துக்கும்."

"பயந்தால் என்ன செய்வா?"

"மேசைக்குக் கீழை போயிருந்து பாட்டுப் படிப்பா."

"என்ன பாட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை எத்தனையோ டொக்டர்மார் எத்தனையோ கேள்வி கேட்டிருந்தார்கள். என்ன பாட்டு என்று யாரும் கேட்டதில்லை. "அதுக்குச் சொல்லில்லை ரீச்சர். ஒரு இழுவைதான்" என்றேன். மகளைப் பார்த்து, "எங்க, அதைப் படியுங்கோ பாப்பம்" என்றார் அவர். மகள் பயமில்லாத நேரத்தில் அதைப் படிக்க முடியாது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் நானும் புதிதாக வந்த இன்னும் இரண்டு தாய்மாரும் வேப்பமரத்துக்குக் கீழே போட்டிருந்த நீள மர வாங்கில் இருந்தோம். பெரிய ரீச்சர் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு கதைத்தார். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கவேண்டும். அது புதுச் சட்டையாக இருக்கக்கூடாது, பிள்ளைக்குப் பழகிய சட்டையாக இருக்கவேண்டும். வீட்டில் எந்தக் கரண்டியால் சாப்பிடுகிறதோ அந்தக் கரண்டியையே கொடுத்துவிட வேண்டும். மருந்து குடிக்கும் பிள்ளையென்றால் ஒரு கிழமைக்கு உரியதைப் பள்ளிக்கூடத்து அலுமாரியில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும், ஏனென்றால் எந்த நாள் கடை திறக்கும், எந்த நாள் இராணுவம் றோட்டைப் பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தாமல், கரண்டியைப் பற்றிக் கதைத்த அதே விதமாகச் சொன்னார்:

"வெடிச்சத்தம் கேட்டால் ஓடி வராதேங்கோ. பிள்ளையள் எங்களோட இருக்கினம். நீங்கள் வழியில அகப்பட்டால் பின்னேரம் ஆர் வந்து கூட்டிக்கொண்டு போறது? சத்தம் ஓய்ஞ்சு, பஸ் ஓடத் தொடங்கினாப் பிறகு வாங்கோ."

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதில்லை. மணிச்சத்தம் கேட்டால் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரும் என்பதால், இடைவேளைக்கு ஒரு ரீச்சர் மஞ்சள் துணி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார். மஞ்சள் துணியைக் கண்டால் பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள். இப்போதும் எங்காவது கொடியில் மஞ்சள் துணி காய்வதைக் கண்டால் எனக்குத் தேநீர் நேரம் போல ஓர் எண்ணம் வரும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் வரவேண்டும். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஒரு மாதிரி இளகிப்போகிறது. நிலாவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். வரும்போது யாராவது சோளம் கொண்டுவருவார்கள், யாராவது நண்டு கொண்டுவருவார்கள். பெரிய ரீச்சர் கூட்டத்தைத் தொடங்கும் முன் எங்களை எழுந்து நிற்கச் சொல்லி மூன்று சிங்கள வசனங்களைச் சொல்லவைப்பார். எங்களில் பலருக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் இராணுவத்தின் காவலரண், சென்றி என்போம், இருந்தது. பிள்ளைகளோ துப்பாக்கியைக் கண்டு சிரிப்பார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள், நில் என்றால் நடப்பார்கள். அதனால் அந்த மூன்று வசனங்களும் எங்களுக்கு நித்திரையிலும் வரவேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை.

"மே ளமயாட்ட கத்தா கரன்ன பே." இந்தப் பிள்ளைக்குக் கதைக்க ஏலாது.

"மம மெயாகே அம்மா." நான் இவரின் தாய்.

"அல்லன்ன எப்பா." பிடிக்க வேண்டாம்.

தகப்பன்மார் இரண்டாவது வசனத்தில் 'அம்மா'வை மாற்றித் 'தாத்தா' என்று சொல்லவேண்டும், சிங்களத்தில் தகப்பனைத் தாத்தா என்பார்கள். தம்பலகாமத்திலிருந்து வரும் ஒரு தகப்பன் கூட்டத்தோடு சேர்ந்து ஒவ்வொரு முறையும் "அம்மா" என்றே சொல்லிவிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "மனுசி வராத நாளையில நான்தானே தாய்" என்பார்.

சீருடைச் சட்டையின் நெஞ்சில் ஒரு வெள்ளைத் துணித்துண்டு தைத்திருப்போம். அதில் நீல நூலால் மூன்று மொழியிலும் பள்ளிக்கூடத்தின் பெயரும், பிள்ளைக்குப் பேச முடியாது என்பதும் இருக்கும். என் மகளுக்கு அந்தத் துண்டில் பெரிய பெருமை. கதைக்கக் கூடிய அளவு கதைப்பவள்தான், நீளமான சொற்களில் பாதியைச் சொல்லி மீதியைச் சிரிப்பில் முடிப்பாள். துண்டில் எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல், அதைத் தொட்டுக்காட்டி எல்லோருக்கும் தன் பெயரைச் சொல்லுவாள்.

பெரிய ரீச்சர் செய்த இன்னொரு ஏற்பாடுதான் நான் சொல்லவந்த கதைக்குக் காரணம். தூரத்துத் தாய் ஒருவரையும் நகரத்துத் தாய் ஒருவரையும் சோடி சேர்த்துவிடுவார். றோட்டுப் பூட்டினால் தூரத்துப் பிள்ளை போக ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் இருப்பவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும். "உங்கட பிள்ளை நாளைக்கு இன்னொருத்தரின்ர வீட்டில படுக்கிறதெண்டால் அவைக்கு என்ன தெரிஞ்சிருக்க வேணும்? அதை ஒண்டும் விடாமல் ஆளுக்காள் சொல்லிக்குடுங்கோ" என்றார்.

எனக்குச் சோடியாக வந்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட இளையவர். அந்த நாளில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஆற்றைக் கடந்து, பிறகு பஸ் ஏறி, சீனக்குடாவில் இறங்கிச் சோதனைக்கு நின்று, மறுபடி ஏறி வரவேண்டும். அவ்வளவு தூரம் வந்தபின் திரும்பிப் போய் வருவதற்கு நேரம் இருக்காது. மகனை வகுப்பில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் விடும்வரை வேப்பமரத்தடியிலேயே இருப்பார். நானும் வீட்டுவேலையை முடித்துக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

அவருடைய மகனுக்கு என் மகளைவிட ஒரு வயது குறைவு. அழகான பிள்ளை, சுருட்டை மயிர். ஒரு சொல்லும் பேசமாட்டான். ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டான். சிப்பிகளைப் பெரிதிலிருந்து சிறிதுவரை அடுக்கிக்கொண்டிருப்பான். இப்போது அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பிள்ளையைத்தான் தெரியும்.

"சோத்துல கறி முட்டப்படாது அக்கா" என்று தொடங்குவார் அவர். "சோறு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். நடுவுல எடம் இரிக்கணும். தண்ணி சில்வர் கோப்பையிலதான். கைய நீங்க புடிச்சா கத்துவான். உங்கட விரல நீட்டுங்க, அவனாப் புடிப்பான். உடுப்புல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கழட்டி எறிஞ்சி போடுவான். ஈர உடுப்ப மட்டும் அவன்ட மேல போட்டுராதீங்க."

"அழுதால்?"

"அழுதா ஒண்டும் செல்லாதீங்க. குசினியில போய் தேங்கா திருவுங்க. அந்தச் சத்தத்துக்கு வந்து பக்கத்துல குந்திருவான்."

"படுக்கேக்க?"

"என்ட கைய மணந்து மணந்துதான் படுப்பான். வேற ஆள்ட கையெண்டா என்ன செய்வானோ தெரியா."

நானும் சொன்னேன். மகள் சப்பாமல் விழுங்குவாள், அதனால் சின்னச் சின்னதாக வெட்டிக்கொடுக்க வேண்டும். வெயிலில் ஓடவிடக்கூடாது. எங்கேயாவது போவதென்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும், திடீரென்று கிளப்பினால் நிலத்தில் இருந்துவிடுவாள். முன்பின் தெரியாதவர்களையும் கட்டிப்பிடிப்பாள். இப்படிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் நான் எவ்வளவு காலமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் பாவம் என்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "எவ்வளவு சின்னனா? நெகத்தளவா?" என்றுதான் கேட்டார்.

ஒத்திகை பார்க்க வேண்டும் என்று பெரிய ரீச்சர் சொன்னதால், ஒரு வெள்ளிக்கிழமை மகளை அவரோடு கிண்ணியாவுக்கு அனுப்பினேன். அன்றிரவு எனக்கும் கணவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மகள் இரண்டு உள்ளங்கையிலும் சிவக்கச் சிவக்க மருதாணியோடு வந்து இறங்கினாள். "பாதை... ஆத்தில... மாமி..." என்று பாதிப் பாதியாகச் சொல்லி, மிதவை ஆடியதை உடம்பை ஆட்டிக் காட்டினாள். திரும்ப எப்போது போவது என்று அன்றைக்கே கேட்கத் தொடங்கிவிட்டாள். அவருடைய மகனுக்கு ஒத்திகை வைக்க நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் உண்மையான நாள் வந்துவிட்டது.

அன்று காலையில் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். "நான் இப்பவே போய் மருந்து குடுத்துட்டு, பள்ளி உடறதுக்குள்ள வந்திருவன் அக்கா. இவன ஒருக்காப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உடனேயே திரும்பிப் போனார்.

முற்பகலில் சீனக்குடாப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. ஓடுகள் அதிர்ந்து தூசி கொட்டியது. நான் மரத்தடியில் இருந்தேன். உள்ளே ரீச்சர்மார் பிள்ளைகளைச் சுவரோரமாக இருத்திப் பாயை விரித்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கை தட்டும் விளையாட்டைத் தொடங்கினார்கள். கொஞ்சநேரத்தில் மகளின் சொல்லில்லாத பாட்டுக் கேட்டது. அதைக் கேட்டதும் அவள் மேசைக்குக் கீழே போய்விட்டாள், நலமாக இருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. ஓடிவந்து வேலிப் படலையைத் தட்டிய தாய் என்று அன்று ஒருவருமில்லை. வீதியில் ஆரவாரம் அடங்கி, சைக்கிள்கள் ஓடத் தொடங்கியபிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள்.

பின்னேரமாகியும் கிண்ணியாத் தாய் வரவில்லை. சீனக்குடா றோட்டைப் பூட்டிவிட்டார்கள், மிதவைப் பாதையும் ஓடவில்லை என்று வீதியால் போனவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக்குத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. பெரிய ரீச்சர் என்னிடம் வந்தார்.

"கொண்டுபோவியளோ?"

"ஓம் ரீச்சர். அதுக்குத்தானே அவ எல்லாம் சொல்லித் தந்தவ."

விரலை நீட்டினேன். அவன் என் விரலைப் பார்த்தான். பிடிக்கவில்லை. மகள் தன் விரலை நீட்டினாள். அதைப் பிடித்தான். மூவருமாக நடந்து வீட்டுக்கு வந்தோம்.

அன்று அவன் வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியில் நின்றபடி வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் கணவர் வேலையால் வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போனார். நான் தேங்காய் ஒன்றை உடைத்துத் திருவத் தொடங்கினேன். கறிக்கு ஒரு பாதி போதும். இரண்டு பாதியையும் திருவி முடித்து, இன்னொரு தேங்காயை உடைக்கலாமா என்று யோசித்தபோது குசினி வாசலில் சுருட்டை மயிர் தெரிந்தது. வந்து பக்கத்தில் குந்தினான். அன்று எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் தேங்காய்.

சோற்றையும் சூடை மீனையும் இடைவெளி விட்டு வைத்தேன். சாப்பிட்டான். படுக்கும்போது என் கையை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். கணவரின் கையையும் தள்ளினான். அவனுடைய புத்தகப்பையில் தாய் மாற்றுச் சட்டை வைத்திருந்தார், வீட்டில் துவைத்தது. அதை எடுத்து என் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். நெடுநேரம் சட்டையை மணந்துகொண்டு கிடந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். இது அவர் சொல்லித்தராதது. நானாகக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளும் றோட்டுத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. மகள் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவன் சோறு சாப்பிடும்போது எதிரில் இருந்து கறி சோற்றில் முட்டுகிறதா என்று காவல் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து அவன் கன்னத்தைக் கிள்ளப் போனபோது, "அல்லன்ன எப்பா" என்று குறுக்கே நின்றாள். சனிக்கிழமைகளில் எங்களோடு நின்று அவளும் அதைப் பாடமாக்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில் இராணுவத்தினர் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். எல்லோரும் கடற்கரை மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அவனுடைய சீருடைச் சட்டையை அன்று அதிகாலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அவன் போட்டிருந்தது துணித்துண்டு இல்லாத மாற்றுச் சட்டை. யோசிக்க நேரம் இருக்கவில்லை. குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடும் போனோம். ஆண்களை ஒரு பக்கம் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம் நிலத்தில் இருந்தோம்.

மைதானத்தின் ஓரத்தில் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் நாலைந்து புல் மேய்ந்துகொண்டு நின்றன. எங்கள் ஊரில் மான்கள் வீதியில் திரிவது புதினமில்லை. அவனுக்கு அது புதினம். நான் மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவன் எழுந்து, காவல் நின்றவர்களைத் தாண்டி, மான்களை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்தான்.

ஒரு ஆமிக்காரர் சத்தம் போட்டார். அவன் திரும்பவில்லை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இன்னொருமுறை சத்தம் போட்டார். நான் எழுந்துவிட்டேன். கத்தினேன்.

"மே ளமயாட்ட கத்தா கரன்ன பே. மம மெயாகே அம்மா. அல்லன்ன எப்பா."

மைதானம் முழுவதும் கேட்டிருக்கும். சுற்றி இருந்த பெண்கள் என்னை இழுத்து இருத்தப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளி நின்ற, வயதில் மூத்த இன்னொரு ஆமிக்காரர் கையை உயர்த்தி முதலாமவரைத் தடுத்தார். பிறகு அவர் நடந்துபோய், பிள்ளையைத் தொடாமல், அவனுக்கு இரண்டு அடி பின்னால் நின்றார். மான்கள் கொஞ்சம் விலகின. பிள்ளை குந்தியிருந்து பார்த்தான். அவன் பார்த்து முடியும்வரை அவரும் நின்றார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். மகள் விரலை நீட்ட, அவன் எழுந்து வந்தான்.

அதோடு முடியவில்லை. அந்த மூத்த ஆமிக்காரர் குடும்ப அட்டையைக் கேட்டார். அதில் இவன் பெயர் இல்லை. தாய் என்று சொன்னாயே என்று கேட்கிறார் என்பது அவர் முகத்திலிருந்து விளங்கியது. எனக்குத் தெரிந்த சிங்களம் அந்த மூன்று வசனத்தோடு தீர்ந்துபோயிருந்தது. ஆண்களின் வரிசையில் நின்ற கணவரைக் கையால் காட்டினேன். அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வேலையிடத்துச் சிங்களம் நன்றாக வரும். பள்ளிக்கூடம், கிண்ணியா, பூட்டிய றோட்டு, ஓடாத பாதை எல்லாவற்றையும் நின்று நிதானமாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துச் சட்டை இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் என்னிடம். "எடுத்துக்கொண்டு வந்து காட்டட்டாம்."

ஓர் ஆமிக்காரர் கூட வர, வீட்டுக்கு ஓடிப்போய்க் கொடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு வந்தேன். தண்ணீர் சொட்டியது. மூத்தவர் துணித்துண்டை வாசித்தார். தலையாட்டினார். பிறகு ஏதோ சொன்னார்.

"இதைப் போட்டுவிடட்டாம்" என்றார் கணவர். "மற்ற ஆமியளுக்கும் தெரியவேணுமாம்."

"ஏலாது" என்றேன்.

கணவர் என்னைப் பார்த்தார். "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? போட்டுவிடும்."

"ஈரம். ஈரச்சட்டை போட்டால் கழட்டி எறிஞ்சுபோட்டுக் கத்துவான். பிறகு ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது. அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் தயங்கித் தயங்கி அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் என் கையிலிருந்த சட்டையை வாங்கினாள். இரண்டு தோள்மூட்டிலும் பிடித்து, துணித்துண்டு வெளியே தெரியும்படி விரித்து, அவனுக்கு முன்னால் போய் நின்றாள். தண்ணீர் அவளுடைய பாவாடையில் சொட்டியது. அது அவனில் படாதபடி ஓரடி தள்ளி நின்றாள். அந்த மூத்தவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தார். சரி என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு மற்றப் பக்கம் போனார்.

எங்களைப் போகச் சொல்லும்வரை மகள் சட்டையை விடவில்லை. இடையில் கை உளைந்தபோது நிலத்தில் இருந்து, முழங்காலில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் சட்டை அவள் கையிலேயே காய்ந்துவிட்டது.

றோட்டுத் திறந்த அன்று முதல் பஸ்ஸில் கிண்ணியாத் தாய் வந்தார். அன்றுவரை ஒவ்வொரு காலையும் ஆற்றங்கரைப் பாதையடிக்கு வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறார். வாசலில் நின்று மகனைப் பார்த்தார். அவன் சிப்பிக்குப் பதிலாக எங்கள் வீட்டு வெங்காயங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் போய் இருந்ததும் அவருடைய கையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

குழந்தையின் காய்ச்சல் மாறிவிட்டது என்றார். தேநீர் குடித்தார். மைதானத்தில் நடந்ததை நான் சொன்னபோது கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, என் மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். சற்றுக் கழித்துச் சொன்னார்:

"ராவு ராவா அழுதழுதுதான் கெடந்த நான். ஆனா அக்கா, இப்ப தேங்கா திருவுவாங்க, இப்ப சோத்த ஒரு பக்கம் வைப்பாங்க எண்டு நெனப்பன். எல்லாம் செல்லித்தானே உட்ட நான் எண்டு மனசக் கட்டிக்குவன்."

"கையை மட்டும் தள்ளிப்போட்டான்" என்றேன். சட்டையைச் சுற்றிப் படுத்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு அழுதார். நான் எழுந்துபோய் உலை வைத்தேன். அன்று மத்தியானம் இருவருமாகச் சமைத்தோம்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய ரீச்சர் எங்களைப் புகழ்வார் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் எல்லோரையும் எழுப்பி வசனங்களைச் சொல்லவைத்து, இருத்தி, "இண்டையிலிருந்து துணித்துண்டு சீருடையில மட்டும் போதாது. வீட்டில போடுற ஒவ்வொரு சட்டையிலயும் தையுங்கோ" என்றார். அவ்வளவுதான். வெளியே வரும்போது என் மகளைக் கூப்பிட்டு, மஞ்சள் துணியைக் கொடுத்து, இனி இடைவேளைக்கு நீதான் கொண்டுபோக வேண்டும் என்றார். அவள் அங்கே படித்த காலம் முழுவதும் அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது. பெரிய ரீச்சர் சுகவீனமாகித் தன் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார், அங்கேயே காலமானார். ஓட்டு வீட்டை அதன் உரிமையாளர்கள் திரும்ப எடுத்தார்கள். பள்ளிக்கூடம் வேறிடத்தில் நல்ல கட்டடத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம்கூட உண்டு. எல்லாம் வசதிதான். ஆனால் அந்தப் பக்கம் போனால் நான் பழைய வீதியால்தான் போகிறேன். வேப்பமரம் நிற்கிறது. வாங்கு இல்லை.

என் கணவர் இப்போது இல்லை. மகளும் நானும் அதே வீட்டில் இருக்கிறோம். கிண்ணியாவுக்குப் பாலம் போட்டபின் அந்தத் தாயும் மகனும் வருவது சுலபமாகிவிட்டது. அவருக்கு முழங்கால் நோ, எனக்குச் சர்க்கரை. இருவரும் குசினியில் இருந்து அதைப் பற்றியே கதைப்போம். அவருடைய மகன் இப்போது தாடி வைத்த பெரிய ஆள். தம்பியின் அரிசி ஆலையில் சாக்குகளை அடுக்குகிறான். அவன் அடுக்கினால் ஒரு சாக்கும் சரியாதாம். இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. என் மகளுக்கு முன்பக்கம் நரைத்துவிட்டது. விறாந்தையில் அவனுக்கு எதிரே கதிரை போட்டு இருந்து, ஊர்ப் புதினம் எல்லாவற்றையும் பாதிப் பாதியாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்கிறானா என்று ஒருமுறை நான் கேட்டேன். "ஓம்" என்றாள், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

அவர்கள் புறப்பட்டுப் போனபின் படலையைப் பூட்டிவிட்டு வந்து, அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று கேட்பாள். பெருநாளுக்கு என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். தொலைபேசியை எடுத்து என்னிடம் தந்து, மாமியைக் கூப்பிடச் சொல்லி, தானே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சாப்பிட வருவாள்.